ஓடும் காரில் கமரா: வாசகர் கேள்வி – பதில்

செலவுக்கு அஞ்சிக் குறும்படக்காரர்கள் கார்க் காட்சிகளைக் கைவிட வேண்டியதில்லை என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு கிழக்கிலங்கையில் வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன். முதற் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறேன். ஏனையவற்றில் பலவும் அதை ஒட்டியே வருகின்றன.

கேள்வி: ஐயா, காரின் பொனட் மேல் கமராவை வைத்து, முன்கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் இருவரையும் எடுக்க விரும்புகிறோம். கமராவும் லென்சும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரும். கொழும்பிலிருந்து இதற்குரிய சாதனங்களை வாடகைக்கு எடுத்து வர எங்களிடம் வசதியில்லை. கண்ணாடிக் கடைகளில் கண்ணாடி தூக்கப் பயன்படுத்தும் சக்ஷன் கப் ஒன்று போதுமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: ஒன்று போதாது. சரியான வகையில் மூன்று இருந்தால் போதும்.

அந்தக் கப்களில் இரண்டு வகை உண்டு. கைபிடியை மடக்கியவுடன் ஒட்டிக்கொள்வது ஒரு வகை. பக்கத்திலுள்ள சிறிய பம்பை விரலால் பலமுறை அழுத்திக் காற்றை வெளியேற்றுவது மற்ற வகை. ஓடும் வாகனத்துக்குப் பம்பு வகையையே வாங்குங்கள். அதன் பம்புத் தண்டில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். உள்ளே காற்றுப் புகுந்து பிடி தளரத் தொடங்கினால் தண்டு மெல்ல வெளியே வர, அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். கப் கழல்வதற்கு முன்பே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. மடக்குக் கைபிடி வகையில் இவ்வாறு முன்கூட்டி அறிய வழியில்லை; அது விடும்போது ஒரேயடியாக விட்டுவிடும்.

இனி அதன் பலத்தைப் பார்ப்போம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்துக்கு ஒப்பாக அழுத்துகிறது. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கப்பின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்ரிமீற்றர் என்பதால், உள்ளிருக்கும் காற்றை முற்றாக வெளியேற்ற முடிந்தால் 170 கிலோவுக்கு மேலான இழுவையையும் அது தாங்க வேண்டும். ஆனால் கைப்பம்பால் காற்றை முற்றாக வெளியேற்ற முடியாது. பொனட்டும் கண்ணாடியைப் போலத் தட்டையாக இருப்பதில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் இதில் ஒரு சிறு பங்குக்கே உத்தரவாதம் தருகிறார்கள். மேலும், இந்தக் கணக்கு பரப்பிலிருந்து நேராகப் பிடுங்கும் இழுவைக்கு மட்டுமே பொருந்தும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் கமரா பக்கவாட்டாகத் தள்ளப்படுகிறது; அந்தத் தள்ளலை உராய்வு ஒன்றே தாங்கி நிற்கிறது. தூசியோ ஈரமோ மெழுகுப் பூச்சோ இருந்தால் உராய்வு போய்விடும்.

நம் கரையோரத்தில் இது மிகவும் முக்கியம். கடலுக்கு அருகில் நிறுத்தப்படும் கார்களின் மேல் உப்பு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதன்மேல் தூசியும் சேர்ந்துவிடும். பொனட்டையும் கப்பின் றப்பர் விளிம்பையும் முதலில் ஈரத்துணியாலும் பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்த பிறகே ஒட்டுங்கள். விபத்துக்குப் பின் நெளிவை நிரப்பும் பட்டி வைத்துப் பெயின்ற் அடித்த இடத்தில் ஒட்டவே கூடாது. கப் தன் பிடியை விடாமலிருந்தாலும் பெயின்ற் பெயர்ந்து வந்துவிடும். சிறு காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பொனட் முழுவதும் வைத்துப் பாருங்கள். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது. அலுமினியப் பொனட்டில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. அடுத்து, பொனட்டைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். விறைப்புச் சட்டங்கள் ஓடும் இடங்கள் தெரியும். அந்த இடங்களுக்கு நேர் மேலே சோக்கட்டியால் குறித்து, அங்கேதான் கப்களை வைக்க வேண்டும். சட்டமில்லாத நடுத்தகடு இக்காலக் கார்களில் மிக மெல்லியது. கமராவின் பாரத்தில் அது உள்வாங்கி நெளிந்துவிடும்.

மூன்று கப்களையும் முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கமராவின் அடித்தட்டுக்கு வரும்படி அமையுங்கள். வளைந்த பரப்பில் மூன்று புள்ளிகள் எப்போதும் முழுமையாக அமரும். நான்காவது ஒன்றைச் சேர்த்தால் அவற்றில் ஒன்று அரைகுறையாகவே நிற்கும். குழாய்களை ஹாட்வெயார் கடையிலும், அடித்தட்டையும் பிடிப்புகளையும் வெல்டிங் செய்யும் கராஜிலும் பெற்றுக்கொள்ளலாம். கமராவின் அடியிலுள்ள துளைக்குப் பொருந்துவது கால் அங்குலம் பருமனும் அங்குலத்துக்கு 20 புரிகளும் கொண்ட போல்ட். கடையில் அதற்குப் பதிலாக 6 மில்லிமீற்றர் போல்ட்டை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். அது துளைக்குள் போவதுபோலத் தோன்றும். ஆனால் புரியைச் சிதைத்துவிடும்.

கமராவை இயன்றவரை தாழ்வாக வையுங்கள். பலரும் காற்றுக்கே முதலில் அஞ்சுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் கமராவின் மேல் காற்றுத் தரும் அழுத்தம் ஏறத்தாழ 200 கிராம் பாரத்தை ஒத்தது. 80 கிலோமீற்றரில் அது நான்கு மடங்காகும் என்றாலும் ஒரு கிலோவை எட்டாது. வீதியின் குழியோ அதைவிடக் கொடியது. ரயர் குழியில் விழுந்து எழும்போது கமராவின் ஒன்றரைக் கிலோ ஒரு கணத்துக்கு அதன் மும்மடங்கு பாரமாக உலுக்கக்கூடும். அதே உலுக்கலில், 40 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும் கமரா, 10 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்பதைப் போல நான்கு மடங்கு பலமாக அடிப்பிடியைப் பெயர்க்க முயலும். எனவே கப்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் குழாய்களின் நீளத்தைக் குறையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டாவது கட்டு இல்லாமல் கார் நகரக் கூடாது. லொறிகளில் சாமான் கட்டும் பட்டியாலோ மெல்லிய உருக்குக் கம்பிக் கயிற்றாலோ கமராவின் உடலையே நேராகக் கட்டி, மறுமுனையைப் பொனட் இடைவெளி வழியாக உள்ளே கொண்டுசென்று வாகனத்தின் சட்டத்திலோ பொனட் கீலிலோ இறுக்குங்கள். குழாய்ச் சட்டத்துக்குத் தனியாக இன்னொரு கட்டு வேண்டும். கமராவைக் குழாயோடு கட்டிவிட்டு அதையே இரண்டாவது கட்டு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் கழன்றால் இரண்டும் சேர்ந்தே போகும். கட்டு குட்டையாகவும் இருக்க வேண்டும். கமரா கழன்றால் அது வீதியையோ முன்கண்ணாடியையோ எட்டாத நீளமே சரியான நீளம். இழப்பது கமரா மட்டுமென்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் உங்கள் படப்பிடிப்பைப் பற்றி எதுவுமே அறியாதவர்.

முதலில் கமராவை வைக்காமல், அதே எடையுள்ள மணற்பையைத் தட்டில் கட்டி, படமெடுக்கப்போகும் அதே வீதியில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் காரை நிறுத்தி, பம்புகளின் சிவப்புக் கோட்டைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள். கமராவும் சட்டமும் ஓட்டுநர் வீதியைப் பார்ப்பதை மறைக்கின்றனவா என்பதை, ஓட்டுநரே தன் ஆசனத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: முன்கண்ணாடி வழியாக எடுத்த காட்சியில் நடிகர்களின் முகங்களே தெரியவில்லை; வானமும் நடுவீதியிலுள்ள ஈச்சமரங்களும்தான் கண்ணாடியில் தெரிகின்றன. என்ன செய்யலாம்? (காத்தான்குடி)

பதில்: லென்சின் முன்னால் திருகும் போலரைசர் வடிகட்டி ஒன்றை வாங்குங்கள். குறைந்த செலவுப் படக்காரர்கள் கார்க் காட்சிக்கென்று ஒரேயொரு பொருளை வாங்குவதானால் அது இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்வில் கமரா பார்க்கும்போது இதன் பலன் உச்சமாக இருக்கும். கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் பலன் மிகக் குறைவு. முன்கண்ணாடி இயல்பாகவே சரிந்து நிற்பதால், பொனட்டிலுள்ள கமராவின் உயரத்தைச் சற்று மாற்றிப் பார்த்து, வடிகட்டியை மெல்லச் சுழற்றினால் பிரதிபலிப்பு மங்கி முகங்கள் வெளிப்படும் நிலையைக் கண்டுகொள்ளலாம். கார் திரும்பி வேறு திசையில் ஓடத் தொடங்கினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். வடிகட்டி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இத்தோடு டாஷ்போர்டின் மேல் மினுக்கமில்லாத கறுப்புத் துணியொன்றை விரித்துவிடுங்கள். கண்ணாடியில் வெண்மையாகத் தெரிவதில் ஒரு பங்கு டாஷ்போர்டிலிருந்தே வருகிறது. முகத்துக்கு வெளிச்சம் போதாவிட்டால் வெள்ளைத் துணியை நடிகர்களின் மடியில் விரிக்கலாம். அது கண்ணாடியில் விழாது, தாடையின் கீழுள்ள நிழலை மட்டும் நிரப்பும். பக்கக் கண்ணாடிகள் வழியாக எடுக்கும்போது போலரைசர் புள்ளி புள்ளியான கோலமொன்றைக் காட்டக்கூடும். அந்தக் கண்ணாடிகள் சூடேற்றிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கப்பட்டவை என்பதே காரணம். உங்கள் வடிகட்டியில் பழுதில்லை. அங்கே வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை முற்றாக இறக்கி எடுங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில், எந்த வீதியில் எடுத்தால் வெளிச்சம் நன்றாக அமையும்? (கொக்கட்டிச்சோலை)

பதில்: இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. சாதனங்களைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் வீதியைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை கரையோர வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. நம் வாகனங்களில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். ஆகவே காலையில் தெற்கு நோக்கிப் போனால் சூரியன் இடப்பக்கத்தில், அருகில் இருப்பவரின் பக்கமாக வரும்; வடக்கு நோக்கி வந்தால் ஓட்டுநரின் முகத்தில் நேராக விழும். மாலையில் இது தலைகீழாகும். ஒரே உரையாடலைப் போகும்போது பாதியும் திரும்பி வரும்போது பாதியுமாக எடுத்தால், வெட்டித் தொகுக்கும்போது வெளிச்சம் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கம் மாறிக்கொண்டிருக்கும். எனவே ஒரு திசையில் மட்டும் எடுத்து, கமராவை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, மீண்டும் அதே திசையில் எடுங்கள். பெற்றோல் செலவு கூடும் என்றாலும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நண்பகலைத் தவிருங்கள். நம் அகலாங்கில் உச்சிச் சூரியன் கூரைக்கு மேலே நிற்பதால் காருக்குள் முகங்கள் இருண்டும் வெளியே வீதி வெளுத்தும் போகும். சிறிய கமராக்களால் இரண்டையும் ஒன்றாகப் பதிவுசெய்ய இயலாது. எட்டரை மணிக்கு முன்பும் நான்கு மணிக்குப் பின்பும் எடுங்கள்.

வீதியைப் பொறுத்தவரை, மட்டக்களப்பு வாவியின் மேற்கிலுள்ள உங்கள் படுவான்கரையே கிழக்கிலுள்ள எழுவான்கரையைவிட மேல் என்று சொல்வேன். எழுவான்கரையில் கடைகளும் பஸ்களும் ஓட்டோக்களும் நெருக்கமாக இருக்கும். வாவியும் கடலும் இருபுறமும் இருந்தும் வீதியிலிருந்து பெரும்பாலும் தெரிவதில்லை. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும்போது வாவி இருபுறமும் திறந்து கிடக்கிறது. மேற்கு நோக்கிய ஓட்டம் என்பதால் மாலையில் வெயில் முன்கண்ணாடி வழியாக முகங்களில் படும். அம்பாறைப் பக்கத்தில், காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் வீதியில் வயல்வெளிகளினூடாக ஓடும் பகுதிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மர நிழல்கள் முகத்தில் விழுந்து விழுந்து மறையும் வீதியில் எடுத்த காட்சியை எங்கே வெட்டினாலும் ஒட்டாது. வயல்வெளி வீதியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் வேறு வீதி பாருங்கள். ஒரு விவசாயியின் நெல்லின் மேல் ரயர் ஏறுவதற்கு எந்தக் காட்சியும் ஈடாகாது. பொத்துவில், லகுகலை, பாணமைப் பக்கங்களில் பொழுது சாயும் வேளையில் யானைகள் வீதிக்கு வரும் என்பதால் அங்கே மாலைக் காட்சிகளைத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: கமரா சற்றும் அசையாமல் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் படம் கூழ்போல் நெளிகிறது. கமராவிலுள்ள அதிர்வு தடுப்பு வசதியையும் போட்டிருந்தோம். (அக்கரைப்பற்று)

பதில்: நெளிவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்கள் கமராவின் உணரி, படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நேரத்துக்குள் எஞ்சினின் நுண்ணதிர்வு கமராவை அசைத்துவிட்டால் நேர்கோடுகள் அலையாகின்றன. இரண்டாவது, நீங்கள் போட்ட அதிர்வு தடுப்பே. அது கையின் மெதுவான ஆட்டத்துக்கென்று செய்யப்பட்டது. காரோடு இறுகப் பிணைந்த கமராவில் உணரியை அங்குமிங்கும் நகர்த்தி, அகன்ற லென்சில் படத்தின் மூலைகளை இழுத்து நெளியவைக்கும். முதலில் அதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் சட்டத்தில் எங்கோ ஒரு பகுதி மட்டும் தனியாக அதிர்கிறது என்று பொருள். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு குழாயையும் விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். அதிர்வு மிகுந்த குழாயைக் குறுக்கே இன்னொரு குழாயால் அணைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கமராவுக்கும் தட்டுக்கும் இடையில் தடித்த பஞ்சு மெத்தையை வைப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. நுண்ணதிர்வு குறைந்தாலும் ஒவ்வொரு குழியிலும் கமரா தலையாட்டத் தொடங்கிவிடும். 24 மில்லிமீற்றர் போன்ற அகன்ற லென்சைப் பயன்படுத்துங்கள். 85 மில்லிமீற்றரில் அதே அதிர்வு மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பாலங்களின் இணைப்புப் பிளவுகளிலும் வேகத்தடைகளிலும் படம் குதிக்கத்தான் செய்யும்; முக்கியமான வசனத்தை அந்த இடத்தில் வைக்காதீர்கள். எடுத்ததைக் கமராவின் சிறு திரையில் பார்த்துத் திருப்திப்படாமல், மடிக்கணினியில் பார்த்துவிட்டே அவ்விடத்தை விட்டுக் கிளம்புங்கள்.

வேகமும் கூடத் தேவையில்லை. கமரா தாழ்வாகவும் லென்ஸ் அகன்றதாகவும் இருந்தால், வேலிக்கட்டைகளும் வரம்புகளும் அருகில் கடந்து போவதால், 30 கிலோமீற்றரே 60 கிலோமீற்றர் போலத் தோன்றும்.

கேள்வி: எங்களிடம் ஒரு கைத்தொலைபேசியும் மலிவான முக்காலியும்தான் இருக்கின்றன. சக்ஷன் கப் வாங்கக்கூடப் பணமில்லை. கார்க் காட்சியை விட்டுவிட வேண்டியதுதானா? (சம்மாந்துறை)

பதில்: விட வேண்டாம். காருக்கு வெளியே கமராவைத் தொங்கவிடுவதைப் பற்றியே இதுவரை பேசினோம். உங்களுக்கு அது தேவையே இல்லை. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 2002 இல் வெளிவந்த 'டென்' படத்தைக் காருக்குள் பொருத்திய சிறிய டிஜிற்றல் கமராக்களாலேயே எடுத்தார். ஒன்று ஓட்டுநரைப் பார்த்தது, மற்றொன்று அருகில் இருப்பவரைப் பார்த்தது. அவ்வளவு எளிய ஏற்பாட்டில் ஒரு முழுநீளப் படமே நிற்கிறது.

முன்னிருக்கைகளின் தலைசாய்வை உயர்த்தினால் இரண்டு உருக்குக் கம்பிகள் தெரியும். காருக்குள் அவற்றைப் போல உறுதியான பிடி வேறில்லை. ஹாட்வெயார் கடையில் வாங்கும் சிறு கிளாம்ப் ஒன்றை அங்கே இறுக்கி, தொலைபேசியின் பிடியை அதில் பூட்டினால் பின்னிருக்கையில் இருப்பவரை எடுக்கலாம். இருக்கையின் பக்கவாட்டில் சற்று நீட்டிவைத்தால் ஓட்டுநரின் தோளுக்கு மேலாக வீதியையும் எடுக்கலாம். ஓட்டுநரைப் பக்கவாட்டில் எடுக்க, இடப்பக்க முன்னிருக்கையில் முக்காலியை வைத்து, இரண்டு கால்களை இருக்கையின் கீழும் ஒன்றை இருக்கையின் மேலும் ஊன்றி, ஆசனப்பட்டியை அதன் கழுத்தில் சுற்றிப் பூட்டுங்கள். இருக்கையின் அடித்தண்டவாளத்தோடு இன்னொரு பட்டியாலும் இறுக்குங்கள். காற்றுப்பை திறந்து விரியும் இடங்களில் மட்டும் எதையும் பொருத்தக் கூடாது. டாஷ்போர்டின் இடப்பக்கத்திலும் ஸ்டியரிங் நடுவிலும் அதற்கான குறி பொறிக்கப்பட்டிருக்கும்.

தொலைபேசியில் தன்னியக்க வெளிச்சத்தையும் தன்னியக்கக் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால், ஒவ்வொரு மரநிழலிலும் படம் வெளுத்துக் கறுக்கும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் தொலைபேசியைப் பூட்டிப் படமெடுக்கலாமா? (கல்முனை)

பதில்: உங்கள் தொலைபேசிக்கு நல்லதல்ல. பெரிய எஞ்சின் மோட்டார் சைக்கிள்களின் அதிர்வுக்குத் தொடர்ந்து உள்ளானால் ஐபோனின் அதிர்வு தடுப்பும் குவியமும் கெடக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021 இல் அறிவித்தது. ஸ்கூட்டர்களில் பூட்டுவதானாலும் அதிர்வைக் குறைக்கும் பிடியைப் பயன்படுத்தும்படி சொன்னது. நகரும் பகுதிகளில்லாத சிறிய அக்ஷன் கமரா இதற்கு ஏற்றது. ஓட்டோ காட்சியானால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் கிளாம்ப் போடலாம். காரைவிட ஓட்டோவில் பிடிப்பதற்கு இடம் அதிகம்.

கேள்வி: முன்னால் போகும் காரைப் பின்தொடர்ந்து எடுக்க, வான் வண்டியின் கதவைத் திறந்துவைத்து ஒளிப்பதிவாளர் சாய்ந்து எடுப்பது வழக்கம்தானே? நடிகரே ஓட்டலாமா? காரை லொறியில் ஏற்றி எடுத்தால் எப்படி இருக்கும்? (திருக்கோவில்)

பதில்: அது வழக்கமாக இருக்கலாம், நீங்கள் செய்யாதீர்கள். 2007 இல் இங்கிலாந்தில், பெரும் பொருட்செலவில் தயாரான ஒரு படத்துக்கான ஒத்திகையில், கமராவோடு வாகனத்தின் யன்னலுக்கு வெளியே சாய்ந்திருந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர், அந்த வாகனம் வளைவில் திரும்பாமல் மரத்தில் மோதியதால் உயிரிழந்தார். எல்லாப் பாதுகாப்பும் வாய்த்த குழுவுக்கே அது நேர்ந்தது. வானின் பின்னிருக்கையில் ஆசனப்பட்டியோடு இருந்து, துடைத்த கண்ணாடி வழியாக எடுங்கள். கண்ணாடியால் சிறிது தெளிவு குறைந்தால் குறையட்டும்.

நடிகர் ஓட்டலாம், ஆனால் நீண்ட வசனத்தையும் அழுகையையும் கோபத்தையும் ஓட்டிக்கொண்டே நடிக்கச் சொல்லக் கூடாது. வசனம் பேசுபவரை இடப்பக்கம் அமர்த்துங்கள். கதைக்கு ஓட்டுநரே பேசியாக வேண்டுமானால், அவரை நெருக்கமாகக் காட்டும் காட்சிகளைக் காரை நிறுத்தி எடுத்து, அகன்ற காட்சிகளில் மட்டும் ஓட்டச் செய்யுங்கள். பின்னணியில் பச்சை வேலி மட்டும் மங்கலாகத் தெரியும்படி நிறுத்திவிட்டு, இருவர் காரின் பின்புறத்தை மெல்ல அசைத்தால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

பழுதான கார்களை ஏற்றும் லொறியின் தட்டு உயரமானது. அதில் ஏற்றி எடுத்தால், யன்னலுக்கு வெளியே அருகிலுள்ள வாகனங்களின் கூரைகள் தெரிந்து உண்மை வெளிப்பட்டுவிடும். கமராவைத் தாழ்த்தி வானத்தையும் மர உச்சிகளையும் பின்னணியாக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். ஏற்றிய காருக்குள் ஆட்களை வைத்துப் பொதுவீதியில் ஓட, பொலிஸாரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி பெற வேண்டும்.

கேள்வி: அனுமதி எங்கே பெறுவது? (வாழைச்சேனை)

பதில்: முதலில் உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்தில், வீதியையும் நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். A தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருப்பதால், அங்கே போக்குவரத்தை நிறுத்தி எடுப்பதானால் அவர்களுக்கும் எழுத வேண்டும். உள்வீதிகளுக்குப் பிரதேச சபையை அணுகலாம். காரின் காப்புறுதி நிறுவனத்திடம் படப்பிடிப்புக்கும் காப்புறுதி செல்லுமா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கார் நண்பருடையதானால் இது இன்னும் அவசியம்.

கேள்வி: இரவுக் காட்சிக்கு என்ன வழி? (ஏறாவூர்)

பதில்: இரவில் காரை ஓட்டவே வேண்டாம். இருட்டான வளவொன்றில் நிறுத்தி, இருவர் கையில் மின்சூளைப் பிடித்து, காருக்கு முன்பக்கமிருந்து பின்பக்கமாகச் சீரான இடைவெளியில் நடந்தால் தெருவிளக்குகள் கடந்து போவதாகத் தோன்றும். பின்கண்ணாடிக்கு அப்பால் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிட்டால் வீதி இருப்பதாகவே நம்புவார்கள். கண்ணாடியில் சிறிது நீர் தெளித்தால் மழையிரவும் ஆகிவிடும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் உண்மையான தெருவிளக்கின் கீழ் எடுக்கும்போது செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் செக்கனின் 50 இல் 1 பங்கு அல்லது 100 இல் 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விளக்கு துடிக்காது.

கேள்வி: படம் நன்றாக வந்தது, ஒலிதான் எஞ்சின் இரைச்சலில் மூழ்கிவிட்டது. (பொத்துவில்)

பதில்: கமராவிலுள்ள மைக்கை நம்பாதீர்கள். சிறிய கொலர் மைக்கை வெயில் மறைப்புத் தட்டின் உள்விளிம்பில், வாய்க்கு மேலே வரும்படி ஒட்டுங்கள். சட்டையில் குத்தினால் ஆசனப்பட்டி உரசும் ஒலி ஒவ்வொரு வசனத்திலும் வரும். கண்ணாடிகளை மூடி, ஏசியை நிறுத்துங்கள். வெப்பம் தாங்க முடியாதிருக்கும் என்பதால் ஓட்டங்களைக் குறுகியதாக வைத்து, இடையிடையே கதவுகளைத் திறந்துவிட்டு நடிகர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். கிரவல் வீதியில் வசனத்தைத் தெளிவாகப் பதிவுசெய்ய முடியாது. காபட் வீதியில் வேகத்தைக் குறைத்து எடுங்கள்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் வீதியோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அதே இருக்கையில் அதே உணர்வோடு வசனங்களை மீண்டும் சொல்லச் செய்து ஒலியை மட்டும் பதிவுசெய்யுங்கள். நடிப்பின் சூடு ஆறுவதற்குள் எடுத்தால் உதட்டசைவோடு பெரும்பாலும் பொருந்திவிடும். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து எடுத்தால் பொருந்தாது. அதன்பின் யாரும் பேசாமல், அதே வேகத்தில், அதே வீதியில் ஓடும் காரின் உட்புற ஓசையை ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து எடுத்த வசனங்களின் கீழ் அந்த ஓசையை விரித்துவிட்டால், வெட்டிய இடங்கள் காதுக்குத் தெரியாது.